இரண்டுக்கும் ஒரே வயது

ஜனவரி 4, ஞாயிறு

சிமெண்டு கடைக்காரர் 'குணசீலன் சாருக்கு' என்று எழுதி என் கணவரிடம் கொடுத்த டைரி. வருஷா வருஷம் இவருக்கு நாலைந்து வரும். வீட்டு பிளான் வரைகிறவர் கையில் ஒரு டைரியைத் திணித்துவிட்டால் தன் கடைக்கு ஆள் அனுப்புவார் என்று ஒரு நம்பிக்கை. இவர் எதிலும் எழுதியதில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒன்று, அயர்ன் கடைக்கு ஒன்று என்று போக, மிஞ்சியதை நான் எடுத்துக்கொண்டேன். நாள் முழுக்க நாலாம் வகுப்பிடம் கத்திவிட்டு வருகிறவளுக்குக் கத்தாமல் பேச ஓர் இடம் வேண்டும்.

லேப்டாப் இன்று மதியத்துக்குள் மூன்று முறை தானாக அணைந்துவிட்டது. வயலூர் ரோட்டு வீட்டுக்கு மாடிப்படியை எங்கே வைப்பது என்று இவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். வாஸ்து ஒரு மூலை சொல்கிறது, வீட்டுக்காரர் மனைவி ஒரு மூலை சொல்கிறார். ஒருவழியாக இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி படியை ஏற்றினார், திரை கறுத்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன். முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்திருக்கும்.

"விடு தையலு, அதுக்கும் வயசாவுதுல்ல" என்றார்.

"பன்னண்டு ஒரு வயசா?" என்றேன். என் வகுப்புப் பிள்ளைகளைவிட மூன்று வயதுதான் மூப்பு.

இதை வாங்கியது ஆபரேஷன் முடிந்த அடுத்த மாதம். கூட்டத்தில் போகாதீர்கள், தூசியில் நிற்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இன்ஜினியர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வரைவதற்காக வாங்கினோம். அதற்கு முந்தின மாதம்தான் என் இடது கிட்னி இவருடைய வலது அடிவயிற்றுக்குக் குடிபோனது. ஆகவே இரண்டுக்கும் ஒரே வயது. இரண்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்போது சிந்து பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸிடம், "அம்மாவோடது பழசாயிடுச்சுன்னா அடுத்தது என்னோடது" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடையது பழசாகப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

20ஆம் தேதி இவருக்கு ரத்தப் பரிசோதனை. வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதுதான்.

ஜனவரி 7, புதன்

தென்னூரிலிருந்து ரியாஸ் வந்தான். லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். நான் நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த பையன். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

அவன் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் அந்தச் சனியன் ஒழுங்காக ஓடியது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி. இருந்தாலும் கழற்றி, உள்ளே பஞ்சு மாதிரி அடைந்திருந்த தூசியை எடுத்து, சூடு தணிக்கிற பசை தடவி மூடினான்.

"டீச்சர், லேப்டாப்புன்னா அஞ்சு வருஷம். பதமா வச்சுக்கிட்டா ஏழு. அதுக்கு மேல ஓடுறதெல்லாம் போனஸ். இது பன்னண்டு ஓடியிருக்கு. இன்னும் ஓடு ஓடுன்னு இதப் போட்டு வெரட்டுறது பாவம் டீச்சர்."

"ஓடுதுல்ல?"

"ஓடுது. ஆனா உள்ள எல்லாம் சேந்து தேயுது. பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. ஒயரைப் பிடுங்கினா நின்னுரும். ஒருநாள் சொல்லாம கொள்ளாம நிக்கும். அதுக்கு முன்னாடி உள்ள இருக்குறதை எல்லாம் வேற எடத்துல எடுத்து வச்சிக்கங்க. புதுசு வாங்கணும்னு இப்பவே மனசுல போட்டுக்கங்க. நின்னதுக்கு அப்புறம் ஓடுனீங்கன்னா கஷ்டம்."

இவர் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அஞ்சு வருஷம், ஏழு வருஷம் என்று இதையெல்லாம் யார் நிர்ணயிக்கிறார்கள்? செய்கிறவனே இத்தனை வருஷம் போதும் என்று நினைத்துச் செய்தால் அது அத்தனை வருஷம்தான் ஓடும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். எனக்கு இரண்டும் தெரியும்.

ரியாஸ் போய்க் கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது.

ஜனவரி 10, சனி

இவர் காலில் செருப்பு வார் பதிந்த தழும்பு இரவு வரை போகவில்லை. மலிவுச் செருப்பு. நாளைக்கு வேறு வாங்க வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தபோது இவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அது ஒரு கோடு போட ஒரு யுகம் எடுத்துக்கொண்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராதா?

ரசம் ருசியே இல்லை என்றார். இந்தத் தக்காளியே சரியில்லை.

ஜனவரி 14, புதன், போகி

விடிகாலை பஸ்ஸில் சென்னையிலிருந்து சிந்து வந்தாள். பையை இறக்கி வைக்கும் முன்பே, "எங்க அந்தக் கெழடு? இன்னிக்குப் போகி, நல்ல நாளு, தெருவுல போட்டுக் கொளுத்திரலாம்" என்றாள்.

அவள் வருவதற்குள் நான் தயாராகிவிட்டேன். அடியில் காற்றுப் போக இரண்டு மர ஸ்கேலை முட்டுக் கொடுத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி, திறந்து கிடந்த படங்களை எல்லாம் மூடி ஒன்றே ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தேன். சிந்து அரை மணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். சமர்த்தாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஃபேன் எதுக்கும்மா?"

"அப்பாவுக்கு வேர்க்குதுடி."

"மார்கழியிலயா?"

இவர் சிரித்துவிட்டார். பேரைக் கெடுப்பதற்கென்றே சிரிப்பார்.

அவள் கம்பெனியில் நாலு வருஷம் ஆனால் லேப்டாப்பைக் கேட்காமலே மாற்றிவிடுவார்களாம். நன்றாக ஓடினாலும் சரி. "கெட்டுப்போறதுக்கு முன்னாடி மாத்துறதுதாம்மா மாத்துறது. கெட்டப்புறம் மாத்துறதுக்குப் பேரு அவதி" என்றாள். இதற்குப் பதில் சொல்ல நினைத்தேன். பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்ட வேண்டிய வேலை இருந்தது.

அப்பா முகம் ஏன் உப்பியிருக்கிறது என்று கேட்டாள். பண்டிகை என்று நேற்றிலிருந்து முறுக்கு தின்கிறார், உப்பு ஜாஸ்தி என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கம்.

ஜனவரி 17, சனி

பரிசோதனைக்கு இவரைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன். மூன்று நாளைக்குக் கறி, மீன் கிடையாது. பருப்புகூட அளவுதான். தண்ணீர் சொம்பு சொம்பாக. நடையைக் குறைத்து ஓய்வு. சொன்னதைக் கேட்டுக்கொண்டு குடிப்பார், பாவம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற எண்ணுக்குக் கிரியேட்டினின் என்று பெயர். குறைவாக இருந்தால் நல்லது. இப்படிச் செய்தால் கொஞ்சம் குறைவாக வருகிறது என்பதை நானே அனுபவத்தில் கண்டுபிடித்தேன். ஒன்றரை வருஷமாக இதுதான் ஏற்பாடு.

எங்கள் பள்ளியிலும் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இப்படித்தான். ஒரு வாரம் முன்பே சுவரைக் கழுவுவோம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன்பெஞ்சுக்கு மாற்றுவோம். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறவனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று தோட்டத்துக்கு அனுப்பிவிடுவோம். அதிகாரி சந்தோஷமாக வருவார், சந்தோஷமாகப் போவார். இதில் யாருக்கு நஷ்டம்?

சிந்து அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பவும் இவ்வளவு தண்ணி குடிப்பாராம்மா? இல்ல, டெஸ்டு வந்தா மட்டுமா?"

"மொட்டமாடியில துணி காயுது, எடுத்துட்டு வா."

"அம்மா."

"மழை வர்ற மாதிரி இருக்குடி."

வானம் சுத்தமாக இருந்தது. போய் எடுத்து வந்தாள். இரவு மடித்து வைக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அப்பாவோட ப்ளட் குரூப்புதாம்மா. பாத்து வச்சிருக்கேன்." நான் காதில் வாங்கவில்லை. இந்தச் சித்திரையில் அவளுக்கு வரன் பார்ப்பதாக இருக்கிறோம்.

ஜனவரி 20, செவ்வாய்

தேறிவிட்டோம். போன தடவை எண்ணேதான். ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

டாக்டர் சுகந்திக்குத்தான் திருப்தியில்லை. பேப்பரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. செருப்பு விஷயத்தைச் சொன்னேன்.

"பன்னண்டு வருஷம் ஆச்சும்மா. தானமா வாங்கி வச்ச கிட்னி சிலருக்குப் பத்து வருஷம் ஓடும், சிலருக்கு இருவது தாண்டும். எல்லாமே ஒருநாள் களைச்சுப்போறதுதான். அடுத்து என்னன்னு நாம இப்பவே பேசி வச்சுக்கிறது நல்லது."

எனக்குச் சுருக்கென்றது. ரியாஸ் லேப்டாப்பைச் சொன்ன மாதிரியே சொல்கிறார். அதுவாவது ஃபேக்டரியில் செய்தது. இது என் உடம்பிலிருந்து போனது. எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிட்னி கெட்டதில்லை. என் அப்பா எண்பத்தாறு வயது வரை சைக்கிள் மிதித்தார். "நம்பர் நல்லாத்தானே டாக்டர் இருக்கு?" என்றேன்.

"நம்பர் நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதமே வரச் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்ததும் இவரிடம், "என் கிட்னி அப்படிப்பட்டதில்லை" என்றேன். இவர் ஆட்டோக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

விரால் மீன் குழம்பு வேண்டும் என்று இவராகக் கேட்டார். சந்தோஷமாக வைத்தேன். இரண்டாவது முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். பிடித்துச் சாப்பிட்டாரா, பிடிவாதமாகச் சாப்பிட்டாரா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. மனுஷன் சாப்பிடுவதைக்கூடச் சந்தேகப்படுகிற புத்தி எனக்கு.

ஜனவரி 27, செவ்வாய்

லேப்டாப் நின்றுவிட்டது. காலையில் பட்டனை அழுத்தினால் பச்சை விளக்குகூட வரவில்லை. ஸ்கேலை மாற்றி வைத்தேன், ஃபேனைப் போட்டேன், ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். ம்ஹூம்.

வயலூர் ரோட்டு பிளான் என்ன ஆகும் என்று எனக்குத்தான் பதற்றம். இவர் நிதானமாக, "எல்லாத்தையும் போன வாரமே ரியாஸ் எடுத்து வச்சிட்டான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "சொன்னா நீ அதுக்குச் சாவு சொல்லிட்டதா நெனச்சுக்குவ."

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு தென்னூர் கிளம்பினார். வர மதியம் தாண்டிவிட்டது. ரியாஸ் கை விரித்துவிட்டானாம்.

ஜனவரி 28, புதன்

பள்ளியிலிருந்து வந்தேன். இவர் காபி போட்டு வைத்திருந்தார். இவர் காபி போட்டால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"உக்காரு. நேத்து ரியாஸ் கடைக்கு மட்டும் போவல. போற வழியில ரத்தமும் குடுத்துட்டு வந்தேன்."

டம்ளரை வைத்துவிட்டேன்.

"மீனு சாப்ட்டுட்டு, சொம்புத் தண்ணி இல்லாம, நான் எப்பவும் எப்படி இருப்பனோ அப்படியே போய்க் குடுத்தேன்."

பேப்பரை நீட்டினார். எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. முந்தின வாரத்து எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் வேறு யாரோ ஒருவருடையது என்றுதான் சொல்வார்கள்.

"மூணு நாளு பட்டினி போட்டுத் தண்ணி ஊத்தி உங்களைக் கூட்டிட்டுப் போனது எதுக்கு? நல்லதுக்குத்தானே?" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.

"நல்லதுக்குத்தான். நானும் தெரிஞ்சுதான் குடிச்சேன். நம்பர் நல்லா வந்தா உன் மூஞ்சி அப்படி மலரும். அதுக்காகவே இன்னும் ரெண்டு சொம்பு குடிக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் அப்படித்தான் பேசுகிறார். "ஆனா டாக்டரு அந்த நம்பரைப் பாத்துதானே மருந்து எழுதுறாங்க? உங்க ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குத் தோட்டத்துக்கு அனுப்புவீங்களே ஒரு பையன், அவன் எப்பத்தான் தையலு வாய்ப்பாடு படிப்பான்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். இலை போட்டுச் சாப்பிட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அழுதேன். எதற்கு என்று இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். என் கிட்னி நிற்கிறது என்றால் அடுத்து சிந்து வந்து நிற்பாள். அதற்குத்தான் இத்தனை சொம்பும்.

ராத்திரி அவளே போன் செய்தாள். இவர் முந்திக்கொண்டு அவளிடம் சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கரில் அவள் குரல்: "ப்பா, நான் தர்றேன். பேசி முடிச்சாச்சு."

"நீ பேசி முடிச்ச. நான் இன்னும் ஆரம்பிக்கலயே. உங்கம்மா அன்னிக்குக் குடுத்தா. அவளும் நானும் ஒண்ணா வயசாவுறவங்க. அதுல ஒரு நியாயம் இருக்கு. உன்னோடதை வாங்கி வச்சுக்கிட்டு எனக்கு ஒரு வாய் சோறு எறங்குமாடா? டயாலிசிஸ் பண்ணிக்கிறேன். எறந்துபோனவங்க குடும்பம் தானமா தர்றதுக்குப் பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கேன். நீ அம்மாகிட்டப் பேசு, அவதான் ஒடஞ்சு கெடக்கா."

சிந்து அழுகிற சத்தம் கேட்டது. இவர் இதற்கு மேல் இறங்கி வர மாட்டார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பது வருஷத்தில் இந்த மனுஷன் பிடிவாதம் பிடித்ததற்காக நான் முதல்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டர் சுகந்தியிடம் இரண்டு பேப்பரையும் வைத்தோம். இவர் வாயைத் திறக்கும் முன் நானே சொல்லிவிட்டேன். தண்ணீர், மீன், ஒன்றரை வருஷம், எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்துல கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாத்திருப்பேன். கொஞ்ச நாள் கூடக் கெடச்சிருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. இனிமே வீட்டுல எப்படி இருக்காரோ அப்படியே கூட்டிட்டு வாங்க. எனக்கு உண்மையான குணசீலனைத்தான் பாக்கணும்."

கொஞ்ச நாள். அதை எப்போதும் சுமக்கத்தான் வேண்டும்.

டயாலிசிஸுக்காக இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் இப்போதே செய்து வைக்க வேண்டுமாம். தானத்துக்குப் பதிவு செய்ய விண்ணப்பம் கொடுத்தார்கள். இவர் அங்கேயே உட்கார்ந்து, பிளானில் எழுதுவது போல முத்து முத்தான எழுத்தில் நிரப்பினார்.

எழுந்திருக்கும்போது கேட்டேன். கேட்கவா வேண்டாமா என்று வந்ததிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வி.

"புதுசு கெடச்சு வைக்கிறப்ப, என்னோடதை வெட்டி எடுத்துருவீங்களா டாக்டர்?"

"எதுக்கும்மா? தொந்தரவு குடுக்காத வரைக்கும் அதுல கை வைக்க மாட்டோம். புதுசை இடது பக்கம் வைப்போம். உங்களோடது அது பாட்டுக்கு அங்கயே இருக்கும். அவரு பொறந்தப்ப வந்த ரெண்டும்கூட இன்னும் உள்ளதான் இருக்கு, தெரியாதா?"

தெரியாது. பன்னிரண்டு வருஷமாக எனக்கு இது தெரியாது. வேலை முடிந்ததை எடுத்துக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே இவர், "உள்ள ஏற்கெனவே மூணு குடித்தனம். நாலாவது வந்தா படியை எங்க வைக்கிறதுன்னு யோசிக்கணும்" என்றார். நடுத்தெரு என்றும் பார்க்காமல் சிரித்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தில்லைநகரில் புது லேப்டாப் வாங்கினோம். டயாலிசிஸ் நாள்களில் மடியில் வைத்து வரையலாம் என்று எடை குறைந்ததாக சிந்து போனிலேயே தேர்ந்தெடுத்துச் சொன்னாள். எத்தனை வருஷம் வரும் என்று நான் கேட்டேன். அஞ்சு வருஷம் பிரச்சினையே இருக்காது மேடம் என்றான் கடைக்காரப் பையன். சரி என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பழசையும் பையில் எடுத்துப் போயிருந்தார். பில் போடும்போது அதைப் பார்த்துவிட்டுப் பையன், "எக்ஸ்சேஞ்ச்ல போட்டுக்கலாமா மேடம்? ஓடலைன்னாலும் எடுத்துக்குவோம்" என்றான்.

இவர் எடுத்து நீட்டப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம்ப்பா."

"ஓடாததை வச்சுக்கிட்டு என்ன மேடம் பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். அது பாட்டுக்கு இருக்கும்."

இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அதைத் திரும்பப் பையில் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். பஸ்ஸில் வரும்போது புதுசை என்னிடம் கொடுத்துவிட்டு, பழசைத் தன் மடியில் வைத்துக்கொண்டார், வலது பக்கமாக.